யாருக்கு இல்லை பசி?

சிங்கப்பூர்க் காற்பந்து அணி தோற்றுத் திரும்பும்போதெல்லாம் தேக்கா பக்கத்துக் கோப்பிக்கடைகளில் ஒரே தீர்ப்புதான். "இந்தப் பசங்களுக்குப் பசி இல்ல தம்பி. மாசம் பிறந்தா சம்பளம் வருது, அப்புறம் எதுக்கு உயிரைக் கொடுத்து ஓடணும்?" சொல்பவருக்கு அறுபது தாண்டியிருக்கும். அடுத்த வாயிலேயே ஃபேரர் பார்க் திடலுக்குப் போய்விடுவார். ராஜகோபால், டெர்ரி பத்மநாதன், சுந்தரமூர்த்தி என்று பெயர்கள் வரிசையாக வரும். எதிரில் இருக்கும் இளைஞன் கைபேசியில் லிவர்பூல் ஆட்டத்தின் துணுக்குகளைப் பார்த்தபடியே தலையாட்டுவான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தலைமுறைக்கும் சண்டையே கிடையாது: ஆட்டக்காரர்களுக்கு மனப்போக்கு சரியில்லை, தட்டிக்கேட்க ஒரு தலைவன் இல்லை.

இந்தத் தீர்ப்பில் எனக்கு நெடுநாள் சந்தேகம். வென்றால் பசி இருந்தது, தோற்றால் பசி இல்லை என்பது முடிவைப் பார்த்துவிட்டுக் காரணம் எழுதுகிற வேலை. அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் 2025 நவம்பர் 18ஆம் தேதிக்குப் பிறகு அதை உரசிப் பார்க்க ஒரு கல் கிடைத்திருக்கிறது. அன்று ஹாங்காங்கின் கை தாக் அரங்கில் முதல் பாதியில் ஒரு கோல் பின்தங்கிய சிங்கப்பூர், ஷாவல் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் சில நிமிட இடைவெளியில் அடித்த கோல்களால் 2-1 என்று வென்று, ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. 1984இல் ஆடியது, போட்டியை நடத்திய நாடு என்ற உரிமையில்.

இந்தத் தகுதிச் சுற்றின் தூண்களாக இருந்தவர்களில் அணித்தலைவர் ஹாரிஸ் ஹாருன், சஃபுவான் பஹாருதீன், கோல்காவலர் இஸ்வான் மஹ்புட் ஆகியோர் 2017ஆம் ஆண்டின் அணியிலும் இருந்தவர்கள். அந்த 2017இல் சிங்கப்பூர் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. அதே ஆட்கள், எட்டு வயது கூடி, கால் வேகம் குறைந்து. பசி பிறவிக்குணம் என்றால் அது முப்பதைத் தாண்டிய பிறகா வந்து சேரும்?

வீழ்ச்சி உண்மையானது, அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஃபிஃபா தரவரிசையில் 1993இல் சிங்கப்பூர் 73ஆவது இடம்வரை ஏறியிருந்தது. பின்னர் ஒரு கட்டத்தில் 173க்கு இறங்கியது. தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தை 1998, 2004, 2007, 2012 என்று நான்கு முறை வென்ற அணி அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. 1998இல் ஹனோயில் வியட்னாமுக்கு எதிராக நம் சசிகுமாரின் தோளில் பட்டுப் பந்து வலைக்குள் போனதை இன்றும் கதையாகச் சொல்கிறோம். இளையோர் அணியின் நிலை இன்னும் மோசம். தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 2013இல் வெண்கலம் வென்றபின் முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. உலகக் கிண்ணத்துக்கு 2010இல் போவோம் என்று 1998இல் அறிவித்த நாடு, இப்போது 2034ஐக் குறிவைத்திருக்கிறது.

இந்த வழக்கில் முதலில் கூண்டில் ஏற்றப்பட வேண்டியவர், தமிழ் வாசகர்களுக்கு வருத்தமாக இருந்தாலும், வி. சுந்தரமூர்த்திதான். நம் கண்முன் வளர்ந்த நட்சத்திரம். கெடாவுக்கும் சுவிட்சர்லாந்தின் பாசெல் அணிக்கும் ஆடியவர். 1993இல் மலேசியக் கிண்ணப் போட்டியில் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலைப் பார்த்தவர்கள் இன்னும் கைகளை ஆட்டித்தான் விவரிக்கிறார்கள். 2016 மே மாதம் ஜெர்மானியரான பெர்ன்ட் ஸ்டாங்கேயிடமிருந்து தேசிய அணியை அவர் இடைக்காலமாக ஏற்றார். இரண்டாண்டுகூட முழுமையாக முடியவில்லை. 2018 ஏப்ரலில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பிரிந்தார்கள்.

அவருக்கு எதிரான சாட்சியம் கனமானது. 2016இன் இறுதியில் பிலிப்பீன்ஸில் நடந்த சுசுகி கிண்ணத்தில் (தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தின் அப்போதைய பெயர்) மூன்று ஆட்டங்களில் அணி அடித்தது ஒரே கோல். பிலிப்பீன்ஸுடன் முதல் பாதியிலேயே ஒருவரை இழந்து 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள், அது பாராட்டத் தக்கது. தாய்லாந்திடம் கடைசி நிமிடங்களில் விழுந்த கோலில் தோற்றார்கள். இந்தோனீசியாவை எதிர்த்து முதலில் கோல் போட்டும், மறுபடி கடைசிக் கட்டத்தில் நழுவவிட்டு 1-2 என்று வெளியேறினார்கள். இரண்டு முறையும் இறுதி நிமிடங்களில் நேர்ந்த சரிவு. கோப்பிக்கடை அண்ணன் உடனே சொல்வார்: "பாத்தியா, கடைசில விட்டுட்டானுங்க. மனசு இல்ல." நான் வேறு மாதிரி பார்க்கிறேன். பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டுத் தன் எல்லைக்குள் சுருண்டுகொள்ளச் சொன்னது பயிற்றுவிப்பாளரின் திட்டம். எண்பது நிமிடம் பந்தில்லாமல் ஓடியவனின் கால் எண்பத்தைந்தாவது நிமிடத்தில் அரை அடி பிந்தும். மேடையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த அரை அடி அலட்சியமாகத் தெரியும். அது களைப்பு. அந்தக் களைப்பைத் திட்டம்போட்டு வரவழைத்த பொறுப்பு சுந்தரத்துடையது. வென்றாக வேண்டிய ஆட்டத்திலும் அவர் அணி தயங்கியே முன்னேறியது.

அடுத்த ஆண்டு தொடங்கிய ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் பஹ்ரைன், துர்க்மெனிஸ்தான், சீன தைப்பே ஆகியவற்றோடு ஆடி, ஆறு ஆட்டங்களில் இரண்டே புள்ளிகளோடு கடைசி இடம். தைப்பேயிடம் சொந்த மண்ணிலேயே 1-2. மூன்று நாள் கழித்து அர்ஜென்டினா வந்து நட்புமுறை ஆட்டத்தில் ஆறு கோல் போட்டுவிட்டுப் போனது. அர்ஜென்டினாவிடம் தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தைப்பேயிடம் தோற்றதுதான் உறுத்த வேண்டும். ஆனால் மறுநாள் எல்லோர் வாயிலும் அந்த ஆறு கோல்தான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு சுந்தரத்துக்குத் தலைமைப்பண்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், 2013 மட்டும் குறுக்கே வராமல் இருந்தால். அந்த ஆண்டு ஜூலையில், தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஜாலான் புசார் அரங்கில், மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ் அணி ஃபெல்டா யுனைடெட்டை 4-0 என்று வீழ்த்தி மலேசிய சூப்பர் லீக்கை வென்றது. பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களால் ஆன அணி. பயிற்றுவிப்பாளர் இதே சுந்தரமூர்த்தி. மலேசியாவின் லீக்கில், மலேசியர்களின் கூச்சலுக்கு நடுவில், 22 ஆட்டங்கள் கொண்ட பருவம் முழுக்க அந்தப் பையன்களைத் தளராமல் வைத்திருந்தவர் அவர். நான்கே ஆண்டில் ஒரு மனிதனுக்குத் தலைமைப்பண்பு வற்றிப்போகுமா?

வற்றியது வேறொன்று. லயன்ஸ் டுவெல்வ் தினமும் சேர்ந்து பயிற்சி செய்தது. கோத்தா பாருவிலும் ஜொகூரிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏச ஏச ஆடப் பழகியது. சுந்தரம் சொன்னதைச் சனிக்கிழமை தவறாகச் செய்தவனைத் திங்கட்கிழமை திடலிலேயே திருத்த முடிந்தது. 2015 முடிவில் அந்த அணி கலைக்கப்பட்டது. தேசிய அணிப் பயிற்றுவிப்பாளருக்கு ஆட்டக்காரர்கள் கைக்குக் கிடைப்பது ஆட்டத்துக்கு முந்தைய சில நாள்கள்தான். மீதி நாள்களில் அவர்கள் சில நூறு பேர் மட்டுமே வந்து பார்க்கும் உள்ளூர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆக, 2013இன் சுந்தரமும் 2017இன் சுந்தரமும் ஒரே ஆள். சுற்றியிருந்த ஏற்பாடு மட்டும் இடிந்துபோயிருந்தது. தைரியமில்லாத ஆட்டத் திட்டத்துக்கு அவர் பொறுப்பு. அணியின் மனத்தைக் கெடுத்தார் என்ற பழிக்கு அவர் பொறுப்பில்லை.

இங்கே சங்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2017இல் அணி தள்ளாடிக்கொண்டிருந்தபோது டிர்விட் ரோட்டிலிருந்த சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்க அலுவலகத்தில் நடந்தது நினைவிருக்கும். ஏப்ரல் 20ஆம் தேதி, ஒரு குழுவின் நிதி தொடர்பான புகாரின்பேரில், வர்த்தக விவகாரத் துறை அதிகாரிகள் அங்கும் சில காற்பந்துக் குழுக்களிலும் சோதனை நடத்தினார்கள். ஒன்பது நாள் கழித்து சங்கத்தின் வரலாற்றிலேயே முதல் தேர்தல். அதுவரை தலைவர்கள் நியமிக்கப்பட்டுத்தான் வந்தார்கள். லிம் கியா டோங் அணி 30-13 என்று வென்றது. தேர்தல் வந்ததில் தவறில்லை, வரவேண்டியதுதான். ஆனால் ஒன்றரை மாதத்தில் தைப்பே ஆட்டம். மேலே யார் இருக்கிறார்கள், அடுத்த மாதம் யார் இருப்பார்கள் என்று தெரியாத நிலையில், 'இடைக்காலம்' என்ற பெயரோடு வந்த பயிற்றுவிப்பாளர் உடைமாற்றும் அறையில் என்ன அதிகாரத்தோடு பேசியிருப்பார்?

அந்த 'இடைக்காலம்' சங்கத்துக்குக் கைவந்த பழக்கம். 2016இல் சுந்தரம், 2018இல் ஃபாண்டி அகமது, 2022இல் நஸ்ரி நசிர், 2025இல் கெவின் லீ என்று நால்வர் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். நடுவில் தத்சுமா யோஷிடா, தகயுகி நிஷிகயா, சுதோமு ஒகுரா என்று மூன்று ஜப்பானியர்கள். ஸ்டாங்கேயையும் சேர்த்தால் 2013க்கும் 2025க்கும் இடையில் எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி. ஒருவர் பந்தைக் காலில் வைத்திருக்கச் சொன்னார், அடுத்தவர் நெருக்கிப் பறிக்கச் சொன்னார். ஹாரிஸ் ஹாருன் 16 வயதில், 2007இல், தேசிய அணிக்குள் வந்தவர். அவர் தன் காலத்தில் எத்தனை மேலாளர்களின் மொழியைக் கற்றிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால், அவர் இன்னும் பொறுமையோடு தலைவர் பட்டையைக் கட்டிக்கொள்வதே எனக்கு மனப்போக்கின் நற்சான்றாகத் தெரிகிறது.

மனப்போக்கு வாதத்தை இன்னும் கடுமையாகச் சோதிக்க 2021 டிசம்பர் 25 இரவுதான் சரியான இடம். தேசிய அரங்கம், சுசுகி கிண்ண அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், எதிரில் இந்தோனீசியா. முதல் ஆட்டம் 1-1. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கியபின், இடைவேளைக்குச் சற்று முன் சோங் உய்-யங் சமன்செய்தார். அதே கட்டத்தில் சஃபுவான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். இரண்டாம் பாதி நடுவில் இர்ஃபான் ஃபாண்டியும் வெளியே. ஒன்பது பேர். எழுபத்து நான்காவது நிமிடத்தில் ஷாடான் சுலைமான் ஃப்ரீகிக்கை நேராக வலைக்குள் அனுப்பி 2-1 என்று முன்னிலைக்குக் கொண்டுவந்தபோது அரங்கம் எழுப்பிய சத்தம், பழைய கலாங் முழக்கத்தைக் கேட்டறியாத பிள்ளைகளுக்கு அது என்னவென்று காட்டியது. எண்பத்தேழில் இந்தோனீசியா சமன். முழு நேரம் முடியும் வேளையில் சிங்கப்பூருக்குப் பெனால்டி. ஃபாரிஸ் ரம்லி அடித்ததைக் கோல்காவலர் தடுத்துவிட்டார். கூடுதல் நேரத்தில் கால்கள் நின்றுபோயின. இரண்டு கோல் விழுந்தது. கடைசியில் கோல்காவலர் ஹசான் சன்னியும் வெளியேற்றப்பட, முன்கள ஆட்டக்காரர் இக்சான் ஃபாண்டி கையுறை மாட்டிக்கொண்டு கோல்கம்பத்துக்கு நடுவில் போய் நின்றார். எட்டுப் பேரோடு 2-4.

இந்த ஓர் ஆட்டத்தில் இரண்டு தரப்புக்கும் சாட்சி இருக்கிறது. பசி இல்லை என்பவர்கள் இதற்குப் பிறகு வாய்திறக்கக் கூடாது. ஆனால் ஒழுங்கு இல்லை என்பவர்கள் திறக்கலாம். வெளியேறிய மூவரும் அனுபவமில்லாத சிறுவர்கள் அல்லர், அணியின் முதுகெலும்பு. மிஞ்சிப்போன ஆர்வமும் ஒரு மனப்போக்குக் குறைதான், அதற்குச் சலுகை தர நான் தயாரில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கொதிக்கும் அரங்கில் தலையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது எங்கிருந்து வரும்? அப்படிப்பட்ட அரங்கில் ஆண்டுக்கு இருபது தரம் ஆடுவதிலிருந்து. நம்மவர்களுக்கு அப்படிப்பட்ட இரவு எப்போதாவதுதான் வாய்த்தது. அந்த இரவு முடிந்த சில நாள்களில் யோஷிடா குடும்பக் காரணங்களுக்காக ஜப்பான் திரும்பினார். அணி மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கியது.

மனப்போக்குத் தரப்பின் வலுவான சாட்சிகள் இளையோர் அணியில்தான் இருக்கின்றன. அதை மறைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது நேர்மையாகாது. 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளின்போது சில ஆட்டக்காரர்கள் இரவுக் கட்டுப்பாட்டை மீறி வெளியே போனார்கள். நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு அதைச் செய்தவர்களுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. பயிற்றுவிப்பாளர் யார்? 1994இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணியின் தலைவர் ஃபாண்டி. சிங்கப்பூர்க் காற்பந்தில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. பெரிய பெயர் இருந்தால் பையன்கள் கட்டுப்படுவார்கள் என்ற நம்பிக்கை அங்கே நொறுங்கியது. அதற்கு முன்பே 2015இல், உள்ளூரிலேயே நடந்த போட்டியில், 2004இன் வெற்றித் தலைவர் அய்டி இஸ்கந்தர் வழிநடத்திய அணி முதல் சுற்றிலேயே விழுந்து, அவர் அப்போதே பதவி விலகினார். அதே ஜூன் மாதத்தில் மூத்தோர் அணி சைத்தாமாவில் ஜப்பானை 0-0 என்று நிறுத்தியதும், அன்று இஸ்வான் பாய்ந்து பாய்ந்து தடுத்ததும் வேடிக்கையான முரண்.

2023 மே மாதம் புனோம் பென்னில் மலேசியாவிடம் 0-7. சங்கம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அந்த ஆட்டத்தில் மூன்றாவது கோலுக்குப் பிறகு தோள்கள் தொங்கியதை யார் பார்த்தாலும் மனம் விட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் இந்தப் பையன்களை எப்படி வளர்த்தோம்? 'யங் லயன்ஸ்' என்று ஓர் அணியாகக் கட்டி, பெரியவர்களின் லீக்கில் இறக்கினோம். அண்மைய ஆண்டுகளில் அந்த அணி பெரும்பாலும் பட்டியலின் அடியிலேயே கிடந்தது. வாராவாரம் தோற்பதை ஒரு பதினெட்டு வயதுப் பையனின் வேலையாக்கிவிட்டு, வெளிநாட்டில் போய் விடாப்பிடியாக நில் என்றால் எப்படி நிற்பான்? அதோடு, கால் உறுதிப்படும் அந்த வயதில்தான் இரண்டாண்டு தேசிய சேவை. சேவை வேண்டுமா வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வியல்ல. நம் எதிரணிகள் அந்த இரண்டாண்டில் முழுநேரமாகப் பந்தாடுகின்றன என்பதை மட்டும் கணக்கில் எழுதிவைக்கிறேன். ஆக, இளையோர் அணியில் மனப்போக்குக் கோளாறு உண்டு. அதை உற்பத்தி செய்த பட்டறையும் நம்முடையதே.

பெரும் தோல்விக்குப் பிறகு தலைமை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நமக்கே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, வெளிநாடு போகத் தேவையில்லை. 2004 ஜூன் மாதம் மஸ்கட்டில் ஓமான் சிங்கப்பூரை 7-0 என்று அடித்தது. அதற்கு நான்கு மாதம் முன்புதான் கோவாவின் மட்காவில் இந்தியாவிடம் 0-1. பயிற்றுவிப்பாளர் ராட்டி அவ்ரமோவிச் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இன்றைய பழக்கப்படி அவர் பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். சங்கம் அவரை வைத்துக்கொண்டது. அவர் இளையவர்களை உள்ளே இழுத்து அணியைக் கலைத்துக் கட்டினார். 2005 ஜனவரியில், இறுதியாட்டத்தின் இரண்டு கட்டத்திலும் இந்தோனீசியாவை வென்று அப்போது டைகர் கிண்ணம் எனப்பட்ட தென்கிழக்காசியக் கிண்ணத்தை 2004ஆம் ஆண்டுக்காகத் தூக்கினார்கள். மஸ்கட்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையே ஏழே மாதம். அவர் 2012வரை இருந்தார், மூன்று கிண்ணம் கொடுத்தார். சிரிக்காத, எளிதில் சீறும் மனிதர் என்று பெயர் வாங்கியவர். அந்தச் சீற்றத்துக்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம், அடுத்த ஆண்டும் இவர்தான் தன்னைத் தேர்வுசெய்வார் என்று ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் தெரிந்திருந்தது.

2024 ஜூனில் பாங்காக்கில் நடந்ததைக் கோப்பிக்கடை அண்ணன்களுக்கு நினைவூட்டுவது என் வழக்கம். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலிருந்து சிங்கப்பூர் ஏற்கெனவே வெளியேறிவிட்டது. ஐந்து நாள் முன்பு தென்கொரியாவிடம் ஏழு கோல் வாங்கியிருந்தது. தாய்லாந்து மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் முன்னேறும், இல்லையென்றால் சீனா. நமக்கு அதில் பத்துக் காசு லாபமில்லை. நாற்பது வயது ஹசான் சன்னி பதினொரு தடவை பந்தைத் தடுத்தார். தாய்லாந்து 3-1 என்று வென்றும் வெளியேறியது. சீன ரசிகர்கள் தெம்பனிஸில் அவர் நடத்திய நாசி லெமாக் கடையில் வரிசைகட்டினார்கள். கடையின் பணம் செலுத்தும் குறியீட்டை இணையத்தில் பரப்பி, சாப்பிடாமலேயே பணம் அனுப்பினார்கள். போதும் நிறுத்துங்கள் என்று அவரே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. நாட்டின் முதன்மைக் கோல்காவலர் உணவுக்கடையும் வைத்திருக்கிறார் என்பதைக் கேட்ட வெளிநாட்டவர்கள்தான் வியந்தார்கள். 'சம்பளம் வருது, சோறு வருது' என்பவர்கள் அந்தக் கடையை யோசிக்கட்டும்.

இனி 2025. ஒகுரா ஆண்டின் நடுவில் சொந்தக் காரணங்களால் விலகினார். சங்கம் வெளியில் தேடாமல், அவருக்குத் துணையாக இருந்த கெவின் லீயிடம் அணியைக் கொடுத்தது. முப்பத்தைந்து வயது. பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் அல்லர். தெம்பனிஸ் ரோவர்ஸில் பயிற்றுவித்துப் பெயர் வாங்கியவர். அணிக்கு முதல்முறையாக, ஆள் மாறியும் பாடம் மாறவில்லை. அக்டோபர் 9ஆம் தேதி உள்ளூரில் பத்துப் பேரோடு ஆடிய இந்தியாவிடம், முன்னிலையில் இருந்தும், கடைசி நிமிடத்தில் பின்களக் குழப்பத்தால் 1-1 என்று விட்டார்கள். பழைய வியாதி என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். ஐந்து நாள் கழித்து, இருபத்தோராண்டுக்கு முன் தோற்ற அதே மட்காவில், முதலில் கோல் வாங்கியும் சோங் உய்-யங்கின் இரண்டு கோல்களால் 2-1. அடுத்தது ஹாங்காங், மறுபடி பின்தங்கி 2-1. அந்நிய மண்ணில் அடுத்தடுத்து இரண்டு முறை பின்னாலிருந்து வந்து வெல்வதற்குப் பெயர்தான் மனப்போக்கு என்றால், அது இவர்களிடம் இருக்கிறது.

வந்தது எப்படி? லீயின் சொற்பொழிவால் என்று நான் நம்பவில்லை. 2020இல் ஹோம் யுனைடெட் தனியார் கைக்குப் போய் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. முழுநேரப் பயிற்சி, நல்ல திடல், தரமான வெளிநாட்டவர்கள். ஹாரிஸ் தலைமையில் அந்த அணி 2025 மே மாதம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூவின் இறுதியாட்டம்வரை போய், பீஷானில் ஷார்ஜாவிடம் கடைசிக் கணத்தில் 1-2 என்று தோற்றது. கொதிக்கும் அரங்கில் ஆடிப் பழகும் வாய்ப்பு, லயன்ஸ் டுவெல்வ் கலைந்தபோது போனது, வேறு வாசலால் திரும்பி வந்திருக்கிறது. செய்லர்ஸ் உரிமையாளர் ஃபாரஸ்ட் லீயே 2025இல் சங்கத் தலைவராகவும் ஆனார். ஒரு குழுவின் முதலாளி எல்லாக் குழுக்களுக்கும் தலைவராக இருப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

இந்த வெற்றியை ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. ஆசியக் கிண்ணத்தில் இப்போது 24 அணிகள், 1984இல் பத்து. பிரிவில் இருந்தவை ஹாங்காங், இந்தியா, பங்ளாதேஷ். இந்தியாவோ தன் சரித்திரத்திலேயே மோசமான காலத்தில் இருந்தது. முக்கியக் கோல்களை அடித்த சோங், குடியுரிமை பெற்று வந்தவர். ஹாங்காங் வெற்றியின் ஈரம் காயுமுன், டிசம்பரில் தாய்லாந்தில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 22 வயதுக்குட்பட்டோர் அணி மறுபடியும் முதல் சுற்றோடு திரும்பியது. மேலே வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறோம், கீழே கடைக்கால் ஈரமாகவே இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். மூத்தோர் அணி மீதான மனப்போக்குக் குற்றச்சாட்டு நிற்காது. அதே ஆட்கள் தோற்றும் வென்றும் காட்டியிருக்கிறார்கள், இடையில் மாறியது அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடு. சிவப்பு அட்டைகளுக்கு அவர்கள் பதில் சொல்லட்டும், அதற்கு மேல் இல்லை. சுந்தரமூர்த்தி, துணிவில்லாத திட்டத்துக்காகக் கண்டிக்கப்பட வேண்டியவர். 2013க்காக நினைக்கப்பட வேண்டியவரும்கூட. ஃபாண்டியையும் அய்டியையும் இளையோர் அணிக்கு அனுப்பியவர்கள் புகழைத் தலைமை என்று நினைத்துக்கொண்டார்கள், அந்தத் தவறு அவர்களுடையது. இளையோர் அணியில் மனம் உடைந்திருப்பது உண்மை. அதற்கு முதல் குற்றவாளி, தோற்கவே ஓர் அணியை லீக்கில் வைத்திருந்த சங்கம். பெரும்பங்கு பழி அங்கேதான் போகிறது: பன்னிரண்டு ஆண்டில் எட்டுப் பயிற்றுவிப்பாளர்கள், அவர்களில் பாதிப் பேர் இடைக்காலம் என்று வந்தவர்கள், ஒவ்வொரு சரிவிலும் ஆட்டக்காரனின் நெஞ்சைக் காட்டித் தப்பித்தது.

கெவின் லீயை 2025 நவம்பரிலேயே நிரந்தரமாக்கியது நல்ல தொடக்கம். வென்ற சூட்டில் அதை யாரும் செய்வார்கள். 2027 ஜனவரியில் சவூதி அரேபியாவில் எதிரில் நிற்கப்போகும் அணிகளுக்கு நம்மை மூன்று ஆட்டத்திலும் வீழ்த்தும் வலு உண்டு, ஏழு கோல் போடும் வலுவும் உண்டு. அப்படி ஒன்று நடந்த மறுவாரம் லீயின் நாற்காலி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சங்கம் மஸ்கட்டிலிருந்து கற்றதை நினைவில் வைத்திருக்கிறதா என்று நான் முடிவுசெய்வேன்.